காயம் ஆறும் வரை காவல் யார்?

இந்தப் பக்கத்தைப் பிடித்திருக்கும் உங்கள் கையைச் சற்றே பாருங்கள். காலையில்தான் சோப்புப் போட்டுக் குளித்தீர்கள். கை சுத்தமாகத்தான் தெரிகிறது. ஆனாலும் முன்கையின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் ஆயிரக்கணக்கில் பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. வியர்வை தேங்கும் அக்குளில் இந்த எண்ணிக்கை லட்சங்களை எட்டும். இவற்றில் பெரும்பாலானவை சாதுவானவை. சில அப்படியல்ல, உள்ளே நுழைய வழி கிடைத்தால் சீழையும் காய்ச்சலையும் உண்டாக்கிவிடும். வழி கிடைப்பதில்லை, அவ்வளவுதான்.

ஒருநாள் கபடி ஆடும்போது கீழே விழுகிறீர்கள். முழங்கால் சிராய்த்துவிடுகிறது. வழி திறந்துவிட்டது! புதுத் தோல் வந்து மூட ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். அதுவரை அந்தத் திறந்த வாசலைக் காப்பது யார்?

இதற்கு விடை காண, வாசல் மூடியிருக்கும்போது காவல் எப்படி நடக்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

வளர்ந்த ஒருவரின் தோலை விரித்துப் பார்க்க முடிந்தால் அது 1.5 முதல் 2 சதுர மீட்டர் வரை இருக்கும். ஏறத்தாழ ஒரு வீட்டுக் கதவின் அளவு. அதன் வெளிப்புறத்தில் 15 அல்லது 20 அடுக்குகளாக இறந்த உயிரணுக்கள் ஓடு வேய்ந்தாற்போல் படிந்திருக்கின்றன. ஓடுகளுக்கிடையே சாந்து பூசினாற்போல் கொழுப்புப் பொருள் இருக்கிறது. எல்லா அடுக்குகளும் சேர்ந்தாலும் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒன்றிரண்டு பங்கு கனம்தான். உள்ளங்காலில் மட்டும் இது பல மடங்கு தடிப்பானது. இந்த மெல்லிய ஓடு நாள்தோறும் உதிர்ந்துகொண்டே இருக்கிறது. அதில் ஒட்டியிருக்கும் கிருமிகளும் உடன் உதிர்கின்றன. அடியில் பிறக்கும் ஓர் உயிரணு மெல்ல மேலேறி, இறந்து, ஓடாகி, உதிர்ந்து போக ஒரு மாதத்தை ஒட்டிய காலம் ஆகிறது.

சுவர் மட்டுமா? சுவரில் காரமும் புளிப்பும் தடவி வைத்திருக்கிறது உடல். நீரின் பி.எச். அளவு 7 என்று படித்திருப்பீர்கள். தோலின் மேற்பரப்பில் அது 5-ஐ ஒட்டியே இருக்கிறது. இந்த அமிலத்தன்மை நோய்க்கிருமிகள் பலவற்றுக்கு ஒத்துவராது. வியர்வையில் உப்போடுகூடக் கிருமிகளைக் கொல்லும் ஒரு சிறு புரதமும் உண்டு என்பது 2001-ஆம் ஆண்டில் தெரியவந்தது. இவற்றோடு, தோலில் நெடுநாளாகக் குடியிருக்கும் சாதுவான பாக்டீரியாக்களும் நமக்காக வேலை செய்கின்றன. ஸ்டபிலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ் என்பது அத்தகைய குடியிருப்பாளர். சீழ்க்கட்டியை உண்டாக்கும் அதன் பங்காளியான ஸ்டபிலோகாக்கஸ் ஆரியஸ் அருகில் வேரூன்றாதபடி சில பொருள்களைச் சுரக்கிறது. நம்மிடம் உள்ள அன்பால் அன்று. தன் இடத்தைப் பிறர் பிடித்துவிடக் கூடாது என்பதற்காக!

முதல் சில நிமிடங்கள்

இப்போது முழங்காலுக்கு வருவோம். சிராய்த்தவுடன் அந்த இடம் ஒரு கணம் வெளுத்து, பிறகே இரத்தம் புள்ளி புள்ளியாகத் துளிர்ப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? அறுபட்ட நுண்ணிய இரத்தக் குழாய்கள் சட்டென்று சுருங்குவதால்தான் அந்த வெளுப்பு. பின்னர் கசியும் இரத்தம் புண்ணில் புகுந்த தூசியையும் கிருமிகளையும் ஓரளவு கழுவிக்கொண்டு வெளியே வருகிறது.

இரத்தத்தில் சிவப்பணுக்களும் வெள்ளணுக்களும் இருப்பதை அறிவீர்கள். மூன்றாவதாகத் தட்டணுக்கள் என்று ஓர் இனம் உண்டு. ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் ஒன்றரை லட்சம் முதல் நாலரை லட்சம் வரை இருக்கும். குழாய் அறுந்த இடத்தைத் தொட்டதுமே இவை பிசுபிசுப்பாகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு அடைப்பாகின்றன. அதே வேளையில் இரத்தத்தில் கரைந்திருந்த பைப்ரினோஜன் என்ற புரதம் பைப்ரின் என்ற நூலிழைகளாக மாறுகிறது. இழைகள் பின்னிக்கொண்டு வலையாகின்றன. வலையில் சிவப்பணுக்கள் சிக்குகின்றன. இரத்தம் உறைந்துவிட்டது என்கிறோம்.

இந்த உறைவு ஓட்டையை அடைப்பதோடு நின்றுவிடுவதில்லை. உள்ளே வந்துவிட்ட கிருமிகள் பரவாமல் வலை பிடித்து வைக்கிறது. பின்னால் வரப்போகும் உயிரணுக்கள் ஏறி நடக்க அதுவே சாரமாகவும் பயன்படும். தட்டணுக்கள் வெளியிடும் வேதிப் பொருள்களோ அக்கம்பக்கம் முழுவதற்கும் அபாய மணி அடிக்கின்றன. காயத்தின் ஓரத்திலுள்ள தோல் உயிரணுக்களும் சும்மா இருப்பதில்லை. கிருமிகளின் உறையைத் துளைக்கும் சிறு புரதங்களை வழக்கத்தைவிட அதிகமாகச் சுரக்கத் தொடங்குகின்றன.

படை வருகிறது

ஓரிரு மணி நேரத்தில் காயத்தைச் சுற்றிச் சிவக்கிறது, சுடுகிறது, வீங்குகிறது, வலிக்கிறது. ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன்பே ரோமானிய எழுத்தாளர் செல்சஸ் அழற்சியின் அடையாளங்களாக இந்த நான்கையும் எழுதி வைத்தார். இவற்றைக் கண்டு நாம் பயப்படுகிறோம். உண்மையில் முதல் நாளில் தெரியும் இந்தச் சிவப்பும் வீக்கமும் கிருமிகள் செய்த வேலை அல்ல; நம் உடலே செய்வது. இரத்தக் குழாய்கள் விரிந்து அதிக இரத்தத்தைக் கொண்டுவருவதால் சிவப்பும் சூடும் தோன்றுகின்றன. குழாய்ச் சுவரின் இடுக்குகள் தளர்ந்து நீர் கசிவதால் வீக்கம். அந்தத் தளர்ந்த இடுக்குகளின் வழியாகத்தான் வெள்ளணுக்கள் உடலை நசுக்கி நெளித்துக்கொண்டு வெளியே வருகின்றன.

வெள்ளணுக்கள் போர் புரிகின்றன என்பதை உலகுக்குக் காட்டியது ஒரு முள். 1882-ஆம் ஆண்டு, இத்தாலியின் சிசிலித் தீவிலுள்ள மெசினா என்ற ஊரில் எலீ மெச்னிகாப் என்ற ரஷ்ய விஞ்ஞானி தங்கியிருந்தார். வீட்டார் சர்க்கஸ் பார்க்கப் போய்விட்டனர். அவர் மட்டும் உருப்பெருக்கியின் முன் அமர்ந்து நட்சத்திர மீனின் இளம் உயிரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவை கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் உடல் கொண்டவை. உள்ளே நகரும் உயிரணுக்களைக் கண்டதும் அவருக்கு ஓர் எண்ணம் தோன்றியது. நம் விரலில் முள் தைத்தால் சுற்றிலும் சீழ் கோக்கிறதே, அதுபோல் இதற்கும் நேருமா? தோட்டத்துக்குப் போய் ரோஜா முள்களைக் கொண்டுவந்து அந்தச் சிறு உடல்களில் குத்தி வைத்தார். இரவு அவருக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. விடிந்ததும் பார்த்தால் நகரும் உயிரணுக்கள் முள்ளைச் சூழ்ந்து முற்றுகையிட்டிருந்தன! இந்த ஆராய்ச்சியின் தொடர்ச்சிக்காக 1908-இல் பால் எர்லிக்குடன் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

நம் முழங்காலுக்கு முதலில் வந்து சேரும் வெள்ளணுக்களுக்கு நியூட்ரோபில் என்று பெயர். எலும்பு மஜ்ஜை இவற்றை நாளொன்றுக்கு ஏறத்தாழ 10,000 கோடி என்ற கணக்கில் உற்பத்தி செய்கிறது. இவை கிருமிகளை விழுங்கி, நச்சுத்தன்மையுள்ள ஆக்சிஜன் சேர்மங்களால் கொல்கின்றன. இவற்றின் இன்னொரு தந்திரம் 2004-இல்தான் தெரியவந்தது. நெருக்கடி முற்றினால் நியூட்ரோபில் தன் உட்கருவிலுள்ள டி.என்.ஏ. இழைகளையே வெளியே வீசுகிறது. அந்த வலையில் கிருமிகள் சிக்குகின்றன. பெரும்பாலும் வீசிய அணுவும் அதோடு மடிகிறது. மடிந்த வெள்ளணுக்களும், செத்த கிருமிகளும், சிதைந்த திசுவும் சேர்ந்த குழம்புதான் சீழ். சில சமயம் அது இளம்பச்சையாகத் தெரிவதற்கும் காரணம் உண்டு. நியூட்ரோபில்களிலுள்ள ஒரு நொதி பச்சை நிறமுடையது.

இரண்டு மூன்று நாள்களில் இவை பின்வாங்க, பெருவிழுங்கணுக்கள் பொறுப்பேற்கின்றன. துப்புரவு இவற்றின் வேலை. செத்த நியூட்ரோபில்களையும் குப்பையையும் விழுங்கித் தீர்க்கின்றன. அத்தோடு, புதுத் திசு கட்டுவதற்கான உத்தரவையும் இவைதான் அனுப்புகின்றன.

மண்ணும் மருந்தும்

இவ்வளவு பெரிய படை இருந்தும் சில காயங்கள் ஏன் சீழ் பிடிக்கின்றன? இதற்கு விடை சொல்லும் சோதனை ஒன்று 1957-இல் லண்டனில் வெளியானது. எலெக், கோனென் என்ற இருவர், தாமாக முன்வந்தவர்களின் தோலில் சீழ்க் கிருமிகளை எண்ணிச் செலுத்திப் பார்த்தார்கள். ஆரோக்கியமான தோலில் சீழ் உண்டாக்கச் சில பத்து லட்சம் கிருமிகள் தேவைப்பட்டன. ஆனால் அதே இடத்தில் தையல் போடும் பட்டு நூல் ஒன்றைச் சேர்த்து வைத்தபோது சில நூறு கிருமிகளே போதுமாக இருந்தன! அந்நியப் பொருள் கிருமிகளுக்குப் பதுங்குகுழியாகிவிடுகிறது. வெள்ளணுக்களால் அங்கே புக முடிவதில்லை.

முழங்காலில் ஒட்டியிருக்கும் மணலும் சரளைத் துகளும் அப்படிப்பட்ட பட்டு நூல்கள்தான். ஆகவே முதல் சிகிச்சை, குடிக்கத்தக்க சுத்தமான நீரை விட்டு, மண் போகும் வரை தாராளமாகக் கழுவுவது. இரத்தம் நிற்கும் என்று நம்மூரில் காயத்தில் காப்பித்தூள் அப்புகிறார்கள். சுண்ணாம்பு, சாம்பல் வைப்பவர்களும் உண்டு. இரத்தம் நிற்கக்கூடும். ஆனால் கழுவி எடுக்க வேண்டிய துகள்களை நாமே கொண்டுபோய்க் கொட்டுகிறோம் அல்லவா? இரத்தம் நிற்கச் சுத்தமான துணியால் சில நிமிடங்கள் அழுத்திப் பிடித்தாலே போதும்.

சரி, சுரீரென்று எரியும் மருந்தைப் போட்டால் கிருமி சாகாதா என்று கேட்பீர்கள். முதல் உலகப் போரின்போது பிரான்சிலுள்ள பூலோன் நகர மருத்துவமனையில் இதே கேள்வியை ஓர் இளம் மருத்துவர் ஆராய்ந்தார். பின்னாளில் பெனிசிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் பிளெமிங்தான் அவர். குண்டுபட்ட காயங்களில் அக்காலத்தில் கிருமிநாசினிகளை ஊற்றி ஊற்றிக் கழுவினார்கள். அப்படியும் சீழ் பிடித்தது. பிளெமிங் ஒரு கண்ணாடிக் குழாயைச் சூடாக்கி, அதன் சுவரில் முள் முள்ளாக உட்குழிவான கூர்முனைகளை இழுத்துவிட்டு, கந்தலான காயத்துக்கு ஒரு மாதிரி செய்தார். அதில் கிருமியுள்ள திரவத்தை நிரப்பிக் கொட்டினார். பிறகு கிருமிநாசினியை நிரப்பி வைத்துக் கொட்டினார். மறுபடி சுத்தமான திரவத்தை ஊற்றியபோது கிருமிகள் பழையபடி பெருகின. முனைகளின் ஆழத்துக்குள் மருந்து எட்டவேயில்லை! இது மட்டுமன்று. அந்த மருந்துகள் கிருமிகளைக் கொல்வதைவிட எளிதாக வெள்ளணுக்களைக் கொன்றன என்பதையும் அவர் காட்டினார். காவலரைக் கொன்றுவிட்டுக் கள்ளனைத் தேடிய கதைதான்.

எரிச்சல் என்பது மருந்து வேலை செய்வதற்கு அத்தாட்சியன்று. ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றினால் பொங்கும் நுரையும் அப்படியே. நம் இரத்தத்திலும் திசுவிலும் உள்ள ஒரு நொதியே அதைச் சிதைத்து நுரைக்க வைக்கிறது. கிருமி இல்லாத காயத்திலும் அது நுரைக்கும்.

பொருக்கு நல்லதா?

இரண்டாம் நாள் முழங்காலில் பழுப்பாகப் பொருக்குத் தட்டும். "கட்டுப் போடாதே, காற்றாட விடு, காயட்டும்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். நெடுங்காலம் மருத்துவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். 1962-இல் ஜார்ஜ் விண்டர் என்பவர் பன்றிகளின் தோலில் ஒரே அளவான சிறு காயங்களை உண்டாக்கி, சிலவற்றைக் காற்றுப்பட விட்டார். சிலவற்றைப் பாலிதீன் தாளால் மூடினார். மூடி ஈரமாக வைத்த காயங்களில் புதுத் தோல் ஏறத்தாழ இரு மடங்கு வேகத்தில் படர்ந்தது.

காரணம் எளிது. காயத்தின் ஓரங்களிலிருந்தும், சிராய்ப்பில் தப்பிய மயிர்க்கால்களிலிருந்தும் தோல் உயிரணுக்கள் புறப்பட்டு, ஏரியில் பாசி படர்வதுபோல் ஊர்ந்து வந்து ஒன்றையொன்று தொடுகின்றன. தொட்டதும் நிற்கின்றன, வாசல் மூடிவிட்டது. ஈரமான தரையில் அவை நேராக ஊர்கின்றன. காய்ந்த காயத்திலோ, இறுகிய பொருக்குக்கும் வறண்ட திசுவுக்கும் அடியில் குடைந்துகொண்டு சுற்றிப் போக வேண்டியிருக்கிறது. பொருக்கு ஒரு தற்காலிகக் கதவுதான். இல்லாததற்கு அது மேல். கழுவிய காயத்தைச் சுத்தமான துணிக்கட்டால் மூடி, நனைந்தாலோ அழுக்கானாலோ மாற்றிவருவது அதைவிட மேல். பொருக்கு வந்துவிட்டால் அதைப் பிய்க்காதீர்கள். அடியில் ஊர்ந்துகொண்டிருக்கும் புதுத் தோலும் அதோடு பிய்ந்து வரும். வகுப்பில் கணக்குப் பாடம் நடக்கும்போது பொருக்கைச் சுரண்டாத மாணவர் யார் என்பது வேறு விஷயம்!

காவலை ஏமாற்றும் கிருமி

சிராய்ப்பைக் கண்டு அலறுபவர்கள், காலில் ஆணி குத்தினால் "ஒரு சொட்டு இரத்தம்கூட வரவில்லை" என்று அலட்சியமாக இருந்துவிடுகிறார்கள். இது நேர் எதிராக இருக்க வேண்டும். ரண ஜன்னி எனப்படும் டெட்டனஸ் நோயின் கிருமி மண்ணிலும் கால்நடைகளின் சாணத்திலும் விதைபோன்ற உறங்கு நிலையில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். சில நிமிடங்கள் கொதித்த நீரிலும் அது சாவதில்லை. அதற்கு ஆக்சிஜன் ஆகாது. எனவே அகலமான சிராய்ப்பைவிட, வாய் குறுகி ஆழமாக இறங்கிய குத்துக் காயமே அதற்குப் பிடித்த இடம். துருப்பிடித்த ஆணிதான் ஆபத்து என்று பலர் எண்ணுகிறார்கள். துருவுக்கும் நோய்க்கும் சம்பந்தமில்லை. மண்பட்ட பளபளப்பான ஆணியும் அதே அளவு ஆபத்தானது. காயத்தில் சாணம் வைப்பது எவ்வளவு கொடிய பழக்கம் என்பதும் இப்போது விளங்கும்.

இந்தக் கிருமி காயத்தை விட்டு நகர்வதே இல்லை. அங்கேயே இருந்து நஞ்சைச் சுரக்கிறது. நஞ்சு நரம்புகளின் வழியே தண்டுவடத்துக்கு ஏறுகிறது. பெரும்பாலும் 3 முதல் 21 நாள்களுக்குள், காயம் ஆறிவிட்டதென்று மறந்தே போனபிறகுகூட, தாடை இறுகி வாயைத் திறக்க முடியாமல் போகிறது. பிறகு உடலே வில்லாக வளைகிறது. ஆளைக் கொல்ல, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு கிராமின் நூறு கோடியில் இரண்டு மூன்று பங்கு நஞ்சே போதும். இந்த அளவு மிகச் சிறியதாகையால், பிழைத்தவர் உடலில்கூட எதிர்ப்பாற்றல் உண்டாவதில்லை. தட்டம்மை ஒருமுறை வந்தால் மறுமுறை பெரும்பாலும் வராது. ரண ஜன்னி வரலாம்.

ஆகவே இந்த ஒரு கிருமிக்கு எதிராக உடலுக்கு முன்கூட்டியே பயிற்சி கொடுக்க வேண்டியிருக்கிறது. ஜப்பானியரான கிடசாட்டோ 1889-இல் இக்கிருமியைத் தனியே வளர்த்துக் காட்டினார். அடுத்த ஆண்டே அவரும் பேரிங்கும் சேர்ந்து நஞ்சுமுறிப் பொருள் இரத்தத்தில் உண்டாவதைக் கண்டனர். தடுப்பூசி அதன் வழியில் வந்தது. நமது நாட்டின் தடுப்பூசி அட்டவணையில் குழந்தைப் பருவ ஊசிகளுக்குப் பின், 10 வயதிலும் 16 வயதிலும் டி.டி. ஊசி உண்டு. உங்களில் பலருக்கு இரண்டாவது ஊசி போடும் வயது இதுதான். போட்டாயிற்றா என்று வீட்டில் கேளுங்கள். போட்டிருந்தாலும் ஆழமான, மண்பட்ட காயமானால் மருத்துவரிடம் காட்டுவதே சரி. நாய் கடித்த காயம் முற்றிலும் வேறு விஷயம். சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

காவல் தோற்றுக்கொண்டிருப்பதைக் காட்டும் அடையாளங்களும் உண்டு. குறைய வேண்டிய சிவப்பு இரண்டு மூன்று நாள் கழித்தும் பரவுவது, வலி கூடுவது, காய்ச்சல், காயத்திலிருந்து மேல்நோக்கிச் சிவந்த கோடு ஓடுவது ஆகியவை அவை. காலில் புண் என்றால் அரையில் நெறி கட்டும். அங்கே உள்ள நிணநீர்க் கணுக்கள் தப்பி வரும் கிருமிகளை மறித்துப் போராடுவதால் வரும் வீக்கம் அது. வீட்டில் தாத்தாவுக்கோ பாட்டிக்கோ நீரிழிவு இருந்தால் அவர்கள் பாதத்தை நீங்களே அடிக்கடி பார்த்துச் சொல்லுங்கள். சர்க்கரை மிகுந்த இரத்தத்தில் வெள்ளணுக்கள் மந்தமாகின்றன. இரத்தக் குழாய் சுருங்கிப் படை வந்துசேரத் தாமதமாகிறது. நரம்பு மரத்திருப்பதால் முள் தைத்ததே அவர்களுக்குத் தெரிவதில்லை.

தழும்பு

மேலோட்டமான சிராய்ப்பு ஆறினால் அடையாளமே இராது. ஆழமாக அறுபட்டால் அடித்தோலில் கொலாஜன் என்ற நார்ப் புரதம் அவசரமாகப் பின்னப்பட்டுத் தழும்பாகிறது. மூன்று வாரத்தில் அந்த இடத்தின் உறுதி பழைய தோலில் ஐந்தில் ஒரு பங்குதான். மாதங்கள் கழித்து 80 சதவீதம் வரை எட்டும், முழுமையாகத் திரும்புவதில்லை. தழும்பில் மயிரும் வியர்வைச் சுரப்பியும் முளைப்பதில்லை.

கொலாஜனை உறுதியாகப் பின்ன வைட்டமின் சி வேண்டும். நெல்லிக்காயிலும் கொய்யாவிலும் அது நிறைய உண்டு. தழும்பின் கொலாஜன் ஒருமுறை பின்னியதோடு அப்படியே இருந்துவிடுவதுமில்லை. பழைய இழைகள் கரைந்து புது இழைகள் சேர்ந்துகொண்டே இருக்கின்றன. இதற்குச் சான்று ஒரு கடற்பயணக் குறிப்பில் இருக்கிறது. 1741-இல் ஆன்சன் என்ற ஆங்கிலத் தளபதியின் கப்பலில் மாலுமிகள் பலரும் வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோயில் விழுந்தார்கள். அவர்களில் ஒரு முதியவர், 1690-இல் அயர்லாந்தின் பாய்ன் போரில் காயம்பட்டு ஆறியவர். 50 ஆண்டுகளாக ஆறிக் கிடந்த அந்தக் காயங்கள் கப்பலில் மறுபடியும் வாய் திறந்தன. மாதக்கணக்காக அவர்கள் உண்டது காய்ந்த ரொட்டியும் உப்பிட்ட இறைச்சியும்.